நடைபாதையில் அம்மாவை இடித்த சைக்கிள்: இழப்பீடு கேட்க ஏஜெண்ட் வேண்டுமா?

கேள்வி: ஈசூனில் எங்கள் புளோக்கின் பக்கத்தில் நடந்துபோன என் அம்மாவை (வயது 71) பின்னால் வந்த சைக்கிள் இடித்துத் தள்ளியது. மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஓட்டியவர் மன்னிப்புக் கேட்டு, தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். நடைபாதையில் சைக்கிள் வரலாமா? இழப்பீடு வாங்கித் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து தாள் நீட்டுகிறார். 30 விழுக்காடு அவருக்காம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வழக்கறிஞர் அல்லாத ஒருவர் கூலி வாங்கிக்கொண்டு உடற்காயத்துக்கான இழப்பீட்டைப் பேசி முடிப்பது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம். "எனக்குத் தெரிந்த வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று அவர் சமாளிக்கக்கூடும். நீதிமன்ற வழக்கில் கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞரும் கட்டணம் பேசக் கூடாது. ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் கமிஷன் தரவும் கூடாது. 30 விழுக்காடு என்று வாய் திறந்த உடனேயே வந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது.

அந்தத் தாளை நன்றாகப் படித்துப் பாருங்கள். உங்கள் சார்பில் சமரசம் பேசும் உரிமையும் பணத்தை வாங்கும் உரிமையும் அவர் கைக்குப் போகும்படி எழுதியிருக்கும். எதிர்த்தரப்பு 3,000 வெள்ளி தருகிறேன் என்றால் அன்றைக்கே "முழுமையான, இறுதித் தீர்வு" என்று எழுதிக் கொடுத்துத் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சில மாதம் கழித்து அம்மாவால் விரலை மடக்க முடியவில்லை, இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மறுபடி கேட்க வழி இருக்காது. எலும்பு கூடி, மருத்துவ அறிக்கை கைக்கு வரும்வரை அந்த "இறுதித் தீர்வு" வாசகத்தில் யார் கேட்டும் கையெழுத்து வேண்டாம். அவசரப்படவும் தேவையில்லை. காயத்துக்கு வழக்குத் தொடர பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு.

சரி, சைக்கிள் அங்கே வரலாமா? சாதாரண நடைபாதையில் வரலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகாமல். 2019 பிப்ரவரிக்கு முன்பு இந்த வரம்பு 15 ஆக இருந்தது. மின்ஸ்கூட்டருக்கும் மோட்டார் உதவியுள்ள மின்சைக்கிளுக்கும் நடைபாதையில் இடமே இல்லை. அதனால் இடித்த வண்டியில் மோட்டார் இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் விவகாரத்தில் அதுவே முக்கியமாகலாம். பல பேட்டைகளில் இப்போது சிவப்பு நிறச் சைக்கிள் பாதையும் பாதசாரிகளுக்கு மட்டுமான பாதையும் அருகருகே போடப்பட்டிருக்கின்றன. 2025 ஜூலை 1 முதல், பாதசாரிகளுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் சாதாரண சைக்கிளைக்கூட ஓட்டக் கூடாது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஆக, பத்தடி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் பதில் மாறிவிடும். சிவப்புப் பாதை பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அம்மா நடந்த பாதையின் தரையில் அந்த அடையாளம் இருக்க வேண்டும். இன்றே போய், விழுந்த இடமும் அடையாளமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். அடையாளம் இல்லை என்றாலும் கவலைப்படாதீர்கள். அனுமதி உள்ள பாதையில் வந்தவரும் கவனமாகத்தான் ஓட்ட வேண்டும், முன்னால் நடப்பவரைப் பின்னாலிருந்து இடித்தவருக்குச் சாக்கு அதிகம் கிடைக்காது.

போலிஸில் புகார் கொடுங்கள். காயம் ஏற்படுத்தியவர் நின்று, உதவி செய்து, தன் விவரங்களைத் தர வேண்டும். வெறும் தொலைபேசி எண் போதாது; எண்ணை நாளைக்கே மாற்றிவிடலாம். கண்காணிப்புக் கேமராப் பதிவுகளும் நிரந்தரமாக இருக்காது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இங்கேதான். கார் இடித்திருந்தால் பதிவு எண் இருக்கும், கட்டாயக் காப்புறுதி இருக்கும். சாதாரண சைக்கிளுக்கு இரண்டுமே கிடையாது. வேகமானியே இல்லாத வண்டிக்கு 10 கிலோமீட்டர் என்று எழுதிவைத்துவிட்டு, அதை நிரூபிக்கும் வேலையை எழுபது வயதுப் பாட்டியிடம் விட்டிருக்கிறார்கள். குறுகலான நடைபாதையில் இருவரையும் சேர்த்து அனுப்பிவிட்டு "பரஸ்பரம் விட்டுக்கொடுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் எலும்பு முறியாமல் இருக்குமா? இந்த ஓட்டையில்தான் ஏஜெண்டுகள் நுழைகிறார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்பதையும் பாருங்கள். ஓட்டியவரிடம் வசதி இல்லை என்றால் தீர்ப்பு வாங்கியும் பயன் குறைவு. அவரிடமே நேராகப் பேசி, வீட்டுக் காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். சில காப்புறுதிகளில் பிறருக்கு ஏற்படுத்திய காயத்துக்கான பொறுப்பும் அடங்கும், வைத்திருப்பவருக்கே அது தெரிந்திருக்காது. உணவு விநியோக வேலையில் வந்தவர் என்றால் நிறுவனத்தின் காப்புறுதியைப் பற்றியும் கேளுங்கள். அம்மாவின் பெயரில் தனிநபர் விபத்துக் காப்புறுதி இருந்தால் அதில் தனியாகக் கோரலாம்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போய் அலையாதீர்கள், உடற்காய வழக்கை அங்கே எடுக்க மாட்டார்கள். மருந்துச் செலவு, டாக்சிச் செலவு ரசீதுகளையும் நீங்கள் எடுத்த விடுப்பின் விவரத்தையும் ஒரு கோப்பில் போட்டு, சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்து போங்கள். அந்த ஏஜெண்ட் கொடுத்த தாளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.