போர் எதிர்ப்புக் கவிதைக்கு எதுகையும் யாப்பும் எதற்கு?

முழுமைத் தற்காப்பு தினத்துக்குக் கவிதை எழுதும் சிங்கப்பூர் மாணவர் ஒருவர், ஓசைநயம் போரை அழகாக்கிவிடாதா என்று கேட்டிருக்கிறார். நியாயமான ஐயம்தான், மன்னர்களின் வெற்றியைப் பாடிய அதே ஆசிரியப்பாவில்தான் மூவேந்தரின் போரில் தந்தை பாரியையும் தங்கள் குன்றையும் இழந்த பாரி மகளிரின் புலம்பலும் (புறநானூறு 112) அமைந்துள்ளது.

‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்’ என்ற அடி, ‘இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்’ என ஏறத்தாழ அப்படியே திரும்புகிறது; எதுகை இரு மாதங்களையும் அருகருகே நிறுத்துவதால், இடையில் நடந்த போரை விவரிக்கவே தேவையில்லாமல் போகிறது. முதலில் தந்தை, பிறகு குன்று என்று வந்த வரிசை, முடிவில் குன்று, பிறகு தந்தை எனத் தலைகீழாகி, ‘உடையேம்’ (உடையவராக இருந்தோம்) என்பது ‘இலமே’ (இல்லாதவரானோம்) ஆகிறது. நேரிசை ஆசிரியப்பாவுக்குரிய முச்சீர் ஈற்றயலடி, அதாவது மூன்று சீர்களே கொண்ட கடைசிக்கு முந்தைய அடி, வேந்தரின் வெற்றிமுரசைச் சொல்லும் இடத்தில் சட்டென்று குறுகி, முழு இழப்பையும் கடைசி அடியின்மேல் ஏற்றிவிடுகிறது. போரைக் கண்டிக்கும் சொல் ஒன்றுகூட இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் உலகப் போரில் 1918 நவம்பர் 4 அன்று மாண்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் வேறு வழியில் சென்றார். ‘ஹெல்’ (Hell, நரகம்) என்பதோடு ‘ஹால்’ (hall, கூடம்) என்பதை இணைத்து, மெய்யொலி பொருந்தியும் உயிரொலி பிறழும் இயைபால் செவியை அமைதியிழக்கச் செய்தார்.

ஆகவே ‘போர் வேண்டாம்’ என்பதையே வரிதோறும் அடுக்குவதைவிட, திரும்ப வரும் அடியில் ஒரேயொரு சொல்லை மாற்றிப் பார்க்கலாம்.