ஊடகப் பாடத்துக்காக ஒரு பாடல் வீடியோ எடுக்க வேண்டும். ஆய்வு, திட்டம், ஷூட்டிங், எடிட்டிங் எல்லாவற்றுக்கும் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது?

எந்த கேமரா வாங்கலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். நீங்கள் ஆய்விலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அதனாலேயே விரிவாக எழுதத் தோன்றியது.

படிக்கும்போது நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாடல் வீடியோ எடுத்தோம். கையில் இருந்தது இரண்டு ஃபோன், ஒரு முக்காலி, ஒரு ஸ்பீக்கர், ஒரு பழைய லேப்டாப். கடைசி நாள் வரை எங்களைக் குழப்பமில்லாமல் நடத்திச் சென்றது ஒரு ஸ்ப்ரெட்ஷீட். அதில் 80 வரிசை. உங்களுக்கு ஒரே ஒரு யோசனைதான் சொல்ல முடியும் என்றால் அந்த ஷீட்டைப் பற்றித்தான் சொல்வேன்.

80 எங்கிருந்து வந்தது? பாட்டு எங்களோடு படித்த தோழி எழுதி, மெட்டமைத்து, பாடியது. நிமிடத்துக்கு 96 தட்டு என்று மெட்ரோனோம் (சீரான வேகத்தில் டிக் ஒலி தரும் கருவி) வைத்துப் பதிவு செய்திருந்தாள். 60-ஐ 96-ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 0.625 நொடி. நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.5 நொடி. பாட்டின் நீளம் 3 நிமிடம் 20 நொடி, அதாவது 200 நொடி. ஆக 80 பார். ஒரு பாருக்கு ஒரு வரிசை. நொடிக்கு 24 ஃபிரேம் (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு ஃபிரேம்) என்று எடுத்ததால் ஒரு தட்டுக்கு மிகச்சரியாக 15 ஃபிரேம் வந்தது. 25 ஃபிரேம் என்றால் 15.625 என்று பின்னத்தில் நின்றிருக்கும்.

உங்கள் பாட்டு இப்படி அழகாக வகுபட வேண்டும் என்பதில்லை. மெட்ரோனோம் இல்லாமல் வாசித்த பாட்டில் வேகம் அங்கங்கே கூடும், குறையும். அப்போது கணக்குப் போடாதீர்கள். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் பாட்டைத் திறந்து ஓடவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் ஒரு லேபிள் வையுங்கள். விண்டோஸில் கன்ட்ரோலையும் எம்-ஐயும் சேர்த்து அழுத்தினால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே லேபிள் விழும். எல்லா லேபிள்களையும் நேரத்தோடு எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து ஷீட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

எங்கள் ஷீட்டில் பார் எண், தொடங்கும் நேரம், பாட்டு வரி, இசையில் என்ன நடக்கிறது, திரையில் என்ன, ஷாட்டின் அளவு, இடம், எந்த டேக் (ஒரே ஷாட்டை எத்தனையாவது முறை எடுத்தது) என்று எட்டு பத்தி. முதல் நான்கை அன்றே நிரப்பிவிட்டோம். பல்லவிக்கு ஒரு நிறம், இடையிசைக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று. நிறம் பூசிய பிறகுதான் எங்களுக்கே ஒன்று தெரிந்தது: இரண்டாவது சரணத்துக்குப் பிறகு பல்லவி மூன்று முறை வருகிறது. மூன்று முறையும் தோழி நின்று பாடுவதையே காட்டினால் பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். காதால் நூறு முறை கேட்டும் பிடிபடாத விஷயம் அது.

இனி ஆய்வு. 1981 ஆகஸ்ட் 1-இல் எம்டிவி தொடங்கிய காலத்தில், ஒரு பாடல் வீடியோவைப் பார்க்க வேண்டுமானால் சேனல் அதைப் போடும்வரை காத்திருக்க வேண்டும். இன்று ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கலாம். யூடியூபைக் கணினியில் நிறுத்திவிட்டுக் காற்புள்ளிச் சாவியை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னால் போகும், முற்றுப்புள்ளிச் சாவியை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும். நாங்கள் எங்கள் பாட்டின் மனநிலையை ஒத்த பத்து வீடியோக்களை எடுத்துக்கொண்டு, அதே பத்திகள் கொண்ட தனித்தனி ஷீட்டில் ஒவ்வொரு ஷாட்டையும் பதிந்தோம். அலுப்பூட்டும் வேலை. ஆனால் முழுதாகப் பத்து வேண்டும் என்பேன், இரண்டு மூன்றில் எதுவும் புலப்படாது.

கட் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறும் இடம்) எல்லாம் தட்டில்தான் விழும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். எண்ணிப் பார்த்தால், நாங்கள் மிகவும் ரசித்த வீடியோக்களில் பல கட்டுகள் பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் விழுந்திருந்தன. தட்டில் விழுந்தவையும் பெரும்பாலும் ஓரிரு ஃபிரேம் முன்கூட்டியே விழுந்திருந்தன. இன்னொரு பத்தியில், பாட்டு வரிக்கும் படத்துக்கும் என்ன உறவு என்று குறித்தோம். வரி சொல்வதையே படம் காட்டுகிறதா, வரி சொல்லாத ஒன்றைக் கூட்டுகிறதா, அல்லது வரிக்கு எதிராக நிற்கிறதா? ‘மழை’ என்றதும் மழையைக் காட்டிய வீடியோ எதுவும் எங்கள் மனதில் தங்கவில்லை. எங்கள் 80 வரிசையில், வரி சொல்வதையே காட்டும் பார் பத்துக்கு மேல் போகக்கூடாது என்று அன்றே முடிவெடுத்தோம்.

பார்வையாளர் ஆய்வுக்கு கூகுள் ஃபார்மில் கேள்விகள் அனுப்பினோம். ‘எந்த வகை வீடியோ பிடிக்கும்’ என்பது போன்ற கேள்விகளுக்கு வந்த பதில்களால் ஒரு பயனும் இல்லை. அந்த உழைப்பை அனிமேட்டிக்கைக் காட்டிக் கேட்பதில் செலவிடுங்கள்.

அனிமேட்டிக் என்றால், ஸ்டோரிபோர்டு படங்களை, அதாவது ஒவ்வொரு ஷாட்டும் எப்படி இருக்கும் என்று காட்டும் படங்களை, பாட்டின் மேல் வரிசையாக அடுக்கி ஓடவிடுவது. வரையத் தெரியாதவர்கள் ஃபோனில் நண்பர்களை நிற்கவைத்துப் படமெடுத்துக்கொள்ளலாம், நாங்கள் பாதிக்குமேல் அப்படித்தான் செய்தோம். இதை ஏழெட்டுப் பேருக்குத் தனித்தனியாகக் காட்டி இரண்டே கேள்வி கேட்டோம்: கதை என்னவென்று புரிந்தது? எந்த இடத்தில் கவனம் சிதறியது? இடையிசையில் அவள் ஒரு நீண்ட தாழ்வாரத்தில் நடந்து வருவதாக எட்டு பார் வைத்திருந்தோம். காகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. எட்டு பார் என்றால் 20 நொடி என்பது அனிமேட்டிக்கில் ஓடியபோதுதான் உறைத்தது. பார்த்த எல்லோருமே அங்கே ஃபோனைப் பார்த்தார்கள், அல்லது எங்களைப் பார்த்தார்கள். மூன்று பாராகக் குறைத்தோம். ஷூட்டிங்கில் அரை நாள் மிச்சமானது.

லொகேஷனுக்கு வரைபடச் செயலியின் செயற்கைக்கோள் காட்சியும், சூரியன் எந்நேரம் எந்தப் பக்கம் நிற்கும் என்று காட்டும் செயலியும் போதும்.

ஷூட்டிங் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர் வீடியோக்கள் அதிகம் தோற்பது வாயசைப்பில்தான்.

பாட்டை அப்படியே ஸ்பீக்கரில் போட்டு எடுக்காதீர்கள். நாங்கள் பிளேபேக்குக்கென்று தனிக் கோப்பு செய்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ‘வரிசை 33’ என்று பேசிப் பதிவுசெய்து, பிறகு நான்கு டிக், பிறகு பாட்டு. டிக் இருப்பதால் பாடுபவர் சரியான இடத்தில் எடுப்பார். எண் ஃபோனின் ஒலியிலேயே பதிவாகிவிடுவதால் எடிட்டிங்கில் இது எந்த இடம் என்று தேட வேண்டாம். வாயை மட்டும் அசைக்கச் சொல்லாமல் குரல் விட்டே பாடச் சொல்லுங்கள். குரல் விடாதபோது கழுத்தும் தொண்டையும் அசைவதில்லை, அது திரையில் அப்பட்டமாகத் தெரியும்.

அடுத்து, தூரம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் போகும். 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 42 மில்லிநொடி. அதற்குள் ஒலி கடப்பது 14 மீட்டர். ஒரு வைட் ஷாட்டில் கேமராவும் ஸ்பீக்கரும் ஒரு முனையிலும் அவள் 20 மீட்டர் தள்ளியும் இருந்தோம். பாட்டு அவள் காதுக்குப் போகவே 58 மில்லிநொடி ஆகிறது, ஃபோனின் மைக்குக்கோ உடனே கேட்டுவிடுகிறது. ஒலி அலையை வைத்து சிங்க் செய்தால், அதாவது படத்தையும் பாட்டையும் பொருத்தினால், உதடு ஒன்றரை ஃபிரேம் பிந்தி நிற்கிறது. ஸ்பீக்கரை அவள் பக்கத்தில் வைத்து எடுத்துப் பார்த்தோம். இப்போது ஃபோனுக்கு ஒலி பிந்தி வருவதால் உதடு அதே அளவு முந்தியது. ஆகவே தூர ஷாட்டுகளில் மென்பொருள் தானாகச் செய்யும் சிங்க்கை அப்படியே நம்பக்கூடாது. ப, ம இரண்டும் உதடு ஒட்டினால்தான் பிறக்கும். பாட்டு வரியில் அந்த எழுத்துகள் வரும் இடத்தில் நிறுத்தி, உதடு மூடியிருக்கிறதா என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள், ஓரிரு ஃபிரேம் நகர்த்தினால் உட்கார்ந்துவிடும். க்ளோஸ்-அப்பில் கேமரா, ஸ்பீக்கர், பாடுபவர் மூன்றும் அருகருகே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வெளிச்சம் குறைந்தால் பல ஃபோன்கள் தாமாகவே ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொள்ளும். தொடக்கத்தில் சரியாக இருக்கும் வாயசைப்பு ஷாட்டின் முடிவில் விலகிப் போகும். எங்களுடைய மிக அழகான நீண்ட டேக் ஒன்று இப்படித்தான் வீணாகப் பார்த்தது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகு மீட்டோம். பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலியில் ஃபிரேம் வேகம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரம்), ஃபோகஸ், நிறவெப்பம் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ற அமைப்பு) எல்லாவற்றையும் பூட்டிவைத்து எடுத்தால் இந்தக் கவலையே வராது. ஷட்டரை 1/50-இல் வையுங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/50-இல் அந்தத் துடிப்பு முழுதாக அடங்கிவிடும், படம் மினுக்காது. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/60.

ஸ்லோ மோஷனில் கூந்தலும் துணியும் மெல்ல அலைய, உதடு மட்டும் பாட்டோடு ஒட்டியிருக்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வழி எளிது: பாட்டை வேகமாக ஓடவிட்டு, அதே விகிதத்தில் கூடுதல் ஃபிரேமில் எடுத்து, பிறகு மெதுவாக்க வேண்டும். ஃபோனில் 60 ஃபிரேம் இருக்கிறதே என்று எடுத்தால், 24-க்கு இறக்கும்போது பாட்டை இரண்டரை மடங்கு வேகத்தில் பாட வேண்டிவரும், வாய்க்கு அது முடியாது. நாங்கள் 30 ஃபிரேமில் எடுத்தோம். பாட்டு 1.25 மடங்கு, அதாவது 96 தட்டு 120 ஆனது. அவள் சுலபமாகப் பாடினாள். திரையில் லேசான ஒரு மிதப்பு மட்டும் வந்தது, கனவைப் பற்றிய சரணத்துக்கு அதுவே போதும். ஆடாசிட்டியில் சுருதி மாறாமல் வேகத்தை மாற்றலாம், ஆகவே பாடுபவருக்கும் குழப்பம் இல்லை.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதுமானது. லேப்டாப் திணறினால் முதலில் பிராக்ஸி கோப்புகள் (எடிட்டிங்குக்கு மட்டுமான இலகுவான நகல்கள்) உருவாக்கிக்கொள்ளுங்கள். டைம்லைனில் முதலில் விரித்தது அனிமேட்டிக்கைத்தான். ஒவ்வொரு படத்தையும் நீக்கி அந்த இடத்தில் ஷாட்டை வைத்துக்கொண்டே போனோம். எது வந்துவிட்டது, எது இன்னும் எடுக்க வேண்டும் என்று பார்த்தவுடன் தெரியும். இரண்டாம் நாள் இரவே ஏழு பார் காலி என்று கண்டுபிடித்து மறுநாள் போய் எடுத்தோம். கலர் கரெக்‌ஷனில் அதிகம் மெனக்கெட வேண்டாம், அடுத்தடுத்த ஷாட்டுகளில் முகத்தின் நிறம் ஒத்துப்போனால் சரி.

முதலிலேயே செய்ய வேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன், தயவுசெய்து நீங்கள் முதலில் செய்யுங்கள்: பாட்டின் உரிமை. ஒரு பாட்டில் எழுதி மெட்டமைத்தவரின் உரிமை வேறு, பதிவுசெய்த ஒலியின் உரிமை வேறு. இரண்டுக்கும் அனுமதி வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைப்பாளியே சில நிபந்தனைகளோடு பிறருக்குத் தரும் பொது அனுமதி) கிடைக்கும் பாட்டென்றால் ‘மாற்றம் கூடாது’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பாட்டில் ஒரு நொடியைக்கூட வெட்டாவிட்டாலும், அதைப் படத்தோடு நேரம் பொருத்தி இணைப்பதையே அந்த உரிமத்தின் 4.0 பதிப்பு மாற்றமாகக் கருதுகிறது. எனவே அத்தகைய பாட்டோடு எடுத்த வீடியோவை வெளியிட முடியாது. பலர் கோட்டைவிடும் இடம் இது. பாடியவள் தோழியே ஆனாலும் நாங்கள் எழுத்தில் அனுமதி வாங்கினோம். திரையில் வரும் ஒவ்வொருவரிடமும் வாங்கினோம், சிறுவர்கள் என்றால் பெற்றோரிடம்.

முடிக்கும்போது, கேமராவில் பதிவான ஒலி ஒரு துளிகூட எங்கும் மிஞ்சாமல் அணைத்துவிட்டு, பாட்டின் அசல் வேவ் கோப்பை மட்டும் வைத்து, 48 கிலோஹெர்ட்ஸில் வெளியிடுங்கள். வந்த கோப்பை ஒருமுறை ஒலியில்லாமல் பாருங்கள், கதை தனியாக நிற்கிறதா என்று தெரியும். ஒருமுறை ஃபோனில், ப-வும் ம-வும் வரும் இடங்களில் உதட்டை மட்டும் பாருங்கள். மதிப்பீட்டுக்குக் கொடுக்கும்போது ஷீட்டையும் அனிமேட்டிக்கையும் சேர்த்தே கொடுங்கள். எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதிக்கு நாங்கள் அந்த ஷீட்டைத் திறந்து வரிசை எண்ணைக் காட்டித்தான் பதில் சொன்னோம்.