காலில் முள், கவட்டில் நெறி

படுவான்கரையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு வயலில் உள்ளங்காலில் முள் குத்தியது. இரண்டு நாளில் கவட்டில் பாக்களவு நெறி கட்டிவிட்டது, தொட்டால் நோகிறது. எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?"

உருவ வேண்டாம், அம்மா. முதலில் உள்ளங்காலைப் பாருங்கள். முள்நுனி உள்ளேயே முறிந்து கிடக்கக்கூடும்.

முள்ளோடு போன கிருமியைத் தோலிலுள்ள டென்ட்ரிடிக் கலங்கள் என்ற காவல் கலங்கள் விழுங்குகின்றன. விழுங்கிய கையோடு அவற்றின் மேல் சிசிஆர்7 என்ற வாங்கி, அதாவது சைகையை உணரும் புரதம், கூடுகிறது. நிணநீர்க் குழாய்ச் சுவரும், நெறியாக வீங்குகிற நிணநீர்க் கணுவும் சிசிஎல்21 என்ற கீமோகைனைச் சுரந்தபடி இருக்கும். கீமோகைன் என்பது கலங்களுக்கு வழிகாட்டும் சிறு புரதம். கருவாடு பொரிக்கிற வீட்டை மூக்கு கண்டுபிடிப்பதுபோல, அது செறிந்திருக்கும் பக்கம் கலம் நகரும். வாங்கி இல்லாத கலத்துக்கு அந்த வாசமே தெரியாது. காலின் நிணநீர் வடிவது கவட்டுக் கணுக்களுக்கு என்பதால்தான் நெறி அங்கே கட்டுகிறது.

கணுவுக்குள்ளும் ஆளுக்கோர் இடம் உண்டு. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களில் டி கலங்கள், பி கலங்கள் என இரு வகை. டி கலங்களைச் சிசிஎல்21 ஒரு பக்கம் இழுக்கும். சிஎக்ஸ்சிஎல்13 என்ற இன்னொரு கீமோகைன் பி கலங்களை வேறு பக்கம் சேர்க்கும்.

சரி, ஏன் வீங்குகிறது? இரத்தத்திலிருந்து புதுக் கலங்கள் வந்து குவிய, வெளியேறும் வழி சில நாளைக்கு அடைபடுகிறது. ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் சனம் வந்தபடியிருக்க, வெளிவாசலை மட்டும் பூட்டிவிட்டால் எப்படியிருக்கும்? அப்புறம், அந்தக் கிருமியை இனங்கண்ட கலங்கள் உள்ளேயே பெருகவும் தொடங்கும். கணுவின் உறை இழுபடுவதால்தான் நோவு. உருவினால் அது கூடும், அவ்வளவுதான்.

காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முள்ளை ஆஸ்பத்திரியில் எடுப்பியுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். காயம் ஆறினால் நெறியும் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் வற்றும். நான்கு வாரம் தாண்டியும் வற்றாவிட்டால், கல்லுப்போல் இறுகினால், உடம்பு மெலிந்தால் காட்டியே ஆக வேண்டும். காலிலிருந்து மேலே சிவப்புக் கோடு ஓடினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போங்கள். சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைவும் இருந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். "வயலில் நின்றனான்" என்று மகன் வாய்திறந்து டொக்டரிடம் சொல்லட்டும். நம்மவர்கள் மறைப்பதே அதைத்தான். நீரிழிவு உள்ளவரென்றால் இந்தக் காத்திருப்பு எதுவுமே வேண்டாம்.

பக்கத்து வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசையைக் கொடுத்துவிடாதீர்கள்.