சிவப்புப் பெட்டியில் பெயர் எழுதினால் பிராண்ட் ஆகிவிடுமா?

கேள்வி: சுப்ரீம் என்ற அமெரிக்க பிராண்டின் டி-ஷர்ட்டில் ஒரு சிவப்புப் பெட்டியும் வெள்ளை எழுத்தும் தவிர என்ன இருக்கிறது? திருப்பூரில் 150 ரூபாய்க்கு அடிக்கிற பனியனை ஸ்கேட்போர்டு, தெருக் கலாச்சாரம் என்று கதை சொல்லி விற்கிறார்கள். நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து இதேபோல் ஒரு லோகோ போட்டு ஆரம்பித்தால் ஓடாதா?

பதில்:

"திருப்பூரில் 150 ரூபாய்க்கு அடிக்கிற பனியன்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தப் பனியனை அடிக்கிற ஆள் நான். அனுப்பர்பாளையம் பக்கம் சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட். இரண்டு டேபிள், ஒரு க்யூரிங் மெஷின், ஆறு ஆட்கள். 2004 முதல் ஜாப் ஒர்க்தான், அதாவது பிறர் கொடுக்கிற துணியில் கூலிக்கு அடித்துக் கொடுப்பது.

நீங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு காலேஜில் கடைசி வருடம் படிக்கிறீர்கள், வீட்டில் ஒன்றிரண்டு லட்சம் கேட்டு வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒரு பையனாவது இதே யோசனையோடு என் யூனிட் படியேறுகிறான். அதனால் இதைக் கோபத்தில் எழுதவில்லை.

துணியையும் பிரிண்டையும் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. வெள்ளைப் பனியன் என்றால் அந்தப் பெட்டிக்கு ஒரே ஸ்கிரீன் போதும். சிவப்பு மை மட்டும். எழுத்து வருகிற இடத்தில் மை இறங்காது, துணியின் வெள்ளைதான் எழுத்தாகத் தெரியும். கறுப்புத் துணி என்றால் அடியில் ஒரு வெள்ளைக் கோட் கொடுத்து, காயவிட்டு, மேலே சிவப்பு. என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவன் மூன்றாம் நாளே இதை அடித்துவிடுவான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அடித்திருக்கிறேன்.

2017 தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். திருப்பூர்ப் பனியன் சந்தையான காதர்பேட்டையிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி ஒருவர் 3,000 பீஸ் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணா, இந்தச் செவப்புப் பொட்டி இப்ப நல்லா ஓடுதுங்க, சீசனுக்கு முன்னாடி குடுத்துருங்க" என்றார். எங்கள் தொழிலில் பார்ட்டி கொடுக்கிற டிசைனை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. டிசைனை ஃபிலிமில் பாசிட்டிவ் எடுத்து ஸ்கிரீன் போட்டு ஓட்ட ஆரம்பித்தேன்.

1,100 பீஸ் முடிந்திருந்தபோது என் மகள் சென்னையிலிருந்து லீவுக்கு வந்தாள். அப்போது ஆர்க்கிடெக்சர் இரண்டாம் வருடம். ஈ.சி.ஆர். பக்கம் நண்பர்களோடு ஸ்கேட்போர்டு பழகிக்கொண்டிருந்தாள். முழங்கையில் எப்போது பார்த்தாலும் சிராய்ப்பு இருக்கும், அவள் அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம். யூனிட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அடுக்கியிருந்த பனியனைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இது யாருங்கப்பா குடுத்தது?"

"ஏன் கண்ணு, எழுத்து தப்பா?"

"எழுத்தெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது."

அதற்குமேல் திட்டவில்லை. பண்டல் மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னாள். அன்று அவள் சொன்னதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது.

அமெரிக்காவில் 1970-களின் கடைசியில் ஊருக்கு ஊர் ஸ்கேட்போர்டு மைதானங்கள் இருந்தன. விழுந்து அடிபட்டால் வழக்கு, அதனால் காப்பீட்டுச் செலவு தாங்க முடியாமல் ஏறியது. ஒவ்வொன்றாக மூடினார்கள். போர்டு வைத்திருந்த பிள்ளைகளுக்கு மிஞ்சியது தெருதான். படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, நடைபாதை விளிம்பு, வங்கி வாசல் சிமெண்ட் திட்டு. நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு அடியில், மன்ஹாட்டன் பக்கம், செங்கல் பாவிய சரிவுகள் உண்டு. கட்டியவர்கள் ஸ்கேட்டிங்கை நினைத்துக் கட்டவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் அதைத் தங்கள் இடமாக்கிக்கொண்டார்கள். 2010-ல் பாலம் பழுது பார்க்கும் வேலை என்று அடைத்தார்கள். மறுபடி ஒரு பகுதி திறக்க 2023 ஆயிற்று. ஆஸ்டர் பிளேஸில் ஒரு பெரிய இரும்புக் கனசதுரச் சிற்பம், அதுவும் அவர்கள் கூடுகிற இடம். எல்லா இடத்திலிருந்தும் காவலாளியோ போலீசோ விரட்டுவார்கள்.

விரட்டப்பட்ட இந்தப் பையன்களை நம்பித்தான் ஜேம்ஸ் ஜெபியா 1994-ல் நியூயார்க் லாஃபயெட் தெருவில் சுப்ரீம் கடையைத் திறந்தார். இங்கிலாந்தில் வளர்ந்தவர், ஸ்கேட்டர் கிடையாது. ஆனால் துணிகளைச் சுவரோரமாக மாட்டி, கடை நடுவை வெறும் தரையாக விட்டார். முதுகில் பையோடு போர்டில் ஏறியபடியே உள்ளே வரலாம். எங்கள் ஊர் ஷோரூம்காரர் ஒருவரிடம் நடுத்தரையைச் சும்மா விடச் சொல்லிப் பாருங்கள், ஒரு சதுர அடிக்கு என்ன வாடகை என்று சண்டைக்கு வருவார். அங்கே வேலைக்கு நின்றதும் ஸ்கேட்டர் பையன்கள்தான். துணி வாங்க வந்த வெளியாளை அவர்கள் கண்டுகொள்ளவே மாட்டார்களாம். நண்பர்கள் அங்கேயே கிடப்பார்கள். டிவியில் ஸ்கேட் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆரம்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரக்கு போட்டார்கள். இன்று அதைத் தட்டுப்பாடு உண்டாக்குகிற தந்திரம் என்று எல்லோரும் பாடம் எடுக்கிறார்கள். விற்காத சரக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயம்தான் காரணம் என்று ஜெபியாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குடோனில் தேங்கிய சரக்கு ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்று திருப்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஹெரால்டு ஹன்டர் என்று ஒருவர். ஈஸ்ட் வில்லேஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஜூ யார்க் என்ற உள்ளூர் ஸ்கேட் கம்பெனிக்காகப் போர்டு ஓட்டினார். அந்தத் தெருக்களில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. 2006-ல் 31 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை இன்றும் நியூயார்க் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் வழியாக உதவுகிறது. அந்தச் சிவப்புப் பெட்டிக்குப் பின்னால் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாமல் 1,100 பீஸ் அடித்திருக்கிறேன்.

மகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு பையன் படிக்கட்டிலிருந்து போர்டோடு குதிக்கிறான், விழுகிறான், திரும்ப ஏறுகிறான். போர்டின் மேல் உப்புத்தாள் போன்ற கிரிப் டேப் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் ஷூவின் வெளி ஓரம் அதில் உரசித் தேயும். அதனால்தான் அவர்களுக்குத் தடித்த துணி, தொளதொள கால்சட்டை, தட்டையான ரப்பர் அடி தேவைப்பட்டது. 1966-ல் அனஹைமில் பால் வான் டோரனும் கூட்டாளிகளும் தொடங்கிய வேன்ஸ், தொழிற்சாலையிலேயே ஷூ செய்து அங்கேயே விற்றது. ஸ்கேட்டர்களுக்கு ஒரு கால் ஷூதான் சீக்கிரம் பிய்யும் என்பதால் ஒற்றைக் கால் ஷூவைத் தனியாகவும் விற்றிருக்கிறார்கள். பொருள் செய்கிறவனாகச் சொல்கிறேன், இதைவிட நன்றாக ஒரு வாடிக்கையாளனைப் புரிந்துகொள்ள முடியாது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பார்ட்டியைக் கூப்பிட்டு, மீதி 1,900 பீஸை வெறும் துணியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடித்து முடித்த 1,100-ஐயும் கொடுத்தேன். அது அவருடைய துணி, நான் வைத்துக்கொள்ள முடியாது. "சீசன்ல இப்படிப் பண்ணீட்டீங்களேண்ணா" என்று வருத்தப்பட்டார். அடித்த பீஸுக்குக் கூலி இன்றுவரை வரவில்லை.

கூலி என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்தப் பார்ட்டி தராததை நான் மனதில் வைக்கவில்லை, வேலையைப் பாதியில் நிறுத்தியது நான். ஆனால் ஒழுங்காக முடித்துக் கொடுத்த வேலைக்கே எங்களுக்கு 120 நாள், 150 நாள் ஆகிறது. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. மை வாங்குகிற கடையில் எனக்குக் கடன் ஒரு மாதம்தான். ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். நடுவில் இருக்கிற மூன்று மாதத்தை நகையை வைத்துத்தான் ஓட்டுகிறோம். பிராண்ட் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், இதை எழுத ஆள் இல்லை.

கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். "சுப்ரீமே காப்பிதானே?" ஆமாம். அந்தச் சிவப்பும் சாய்ந்த வெள்ளை எழுத்தும் பார்பரா க்ரூகர் என்ற அமெரிக்கக் கலைஞரின் பாணி. இதை நான் மறைக்கவில்லை. 2017-ல் அவரே மன்ஹாட்டன் பாலத்துக்கு அடியில் இருக்கிற ஸ்கேட் பார்க்கில் தன் எழுத்துக்களைப் பெரிதாக ஒட்டி ஒரு படைப்பு வைத்தார். லூயி வித்தோன் என்ற விலையுயர்ந்த பிரெஞ்சு பிராண்டின் டிசைனை ஸ்கேட்போர்டில் போட்டு 2000-ல் சுப்ரீம்காரர்கள் வக்கீல் நோட்டீஸும் வாங்கியிருக்கிறார்கள். அதே லூயி வித்தோன் 2017-ல் அவர்களோடு சேர்ந்து துணி போட்டது. அவர்கள் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. எழுத்தை இரவல் வாங்கினார்கள், ஆனால் கடைக்குள் இருந்த பையன்கள் அவர்கள் ஊர்ப் பையன்கள். காதர்பேட்டை பனியனில் அந்த இரண்டாவது விஷயம் இல்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

"இப்போது அதுவும் கார்ப்பரேட்தானே?" அதுவும் சரி. வேன்ஸை 2004-ல் வாங்கிய வி.எஃப். கார்ப்பரேஷன் என்ற பெரிய அமெரிக்க உடைக் கம்பெனி, 2020-ல் சுப்ரீமை 210 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் மூக்குக் கண்ணாடி செய்கிற எஸ்ஸிலார் லக்ஸோட்டிகாவுக்கு 150 கோடிக்கு விற்றது. நான்கு வருடத்தில் 60 கோடி டாலர் குறைவு. பெட்டியும் எழுத்தும் அப்படியேதான் இருந்தன. லோகோதான் எல்லாம் என்று நினைக்கிற நீங்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். பத்தாயிரம் கொடுத்து அந்தச் சட்டையை வாங்கச் சொல்லவில்லை. என் மகளிடமே ஒன்று கூடக் கிடையாது. அவள் போட்டுக்கொண்டு ஸ்கேட் பண்ணுவது எங்கள் யூனிட்டில் ரிஜெக்ட் ஆன பனியன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். "இதேபோல்" ஆரம்பித்தால் ஓடுமா என்றால், ஒரு சீசன் ஓடும். நீங்கள் நான்கு பேரும் காலேஜ் முடிந்து சாயங்காலம் எங்கே போய் நிற்கிறீர்கள்? கிரிக்கெட்டா, கேரமா, புல்லட் மெக்கானிக் ஷெட்டா? அங்கே உங்களோடு நிற்கிற முப்பது பேருக்கு எந்தச் சட்டை எங்கே கிழிகிறது, எந்த பாக்கெட் போதவில்லை என்று தெரியுமா? அதிலிருந்து ஒரு டிசைன் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். 3,000 எல்லாம் வேண்டாம். ஊரில் 50 பீஸ் என்றால் யாரும் ஸ்கிரீன் போட மாட்டார்கள், நான் போட்டுத் தருகிறேன். ஸ்கிரீன் செலவையும் மை காசையும் மட்டும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கூலியை விற்றபிறகு தந்தால் போதும்.