கோபுரம் கூப்பிட்டும் விமானி ஏன் பதில் சொல்வதில்லை?

விமானம் தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் விமானி பதில் சொல்லாமல் இருப்பது எப்படி நடக்கிறது, அது அலட்சியம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான நேரங்களில் அது அலட்சியம் அல்ல என்பதே என் பதில். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரே குறைவு எனப்படும் வட ஆற்காட்டிலிருந்து விமானப் படைக்குப் போய், வானொலித் தொடர்புப் பிரிவில் பணியாற்றி, இப்போது காட்பாடியில் ஓய்வில் இருப்பவன் நான். விமானம் ஓட்டியதில்லை, ஓட்டுபவர்களின் பதிலுக்காகக் காத்திருந்த அனுபவம் உண்டு.

கண்ணுக்கும் கைக்கும் வேலை கூடும்போது முதலில் அடைபடுவது காதுதான். காட்பாடி சந்திப்பில் கைப்பேசியில் மூழ்கியிருக்கும் ஒருவர், நடைமேடை மாறியதை ஒலிபெருக்கி பல மொழிகளில் அறிவித்து முடித்த பின்னும் பழைய இடத்திலேயே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒலி அவர் செவியில் விழத்தான் செய்தது, மனத்தில் பதியவில்லை. உயரம், வேகம், சக்கரம், காற்று, ஓடுதளம் என அத்தனையும் ஒரே நேரத்தில் கவனம் கேட்கும் கடைசி நிமிடங்களில் விமானிக்கும் இதுவே நேர்கிறது.

இதற்கு மிகக் கொடிய சான்று, 1972 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் மயாமிக்கு அருகே நடந்த, ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401 எண் பயணிகள் விமான விபத்து. மூக்குச் சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியாததால், விமானத்தை 2,000 அடியில் தானியங்கியிடம் விட்டுவிட்டு, அனுபவம் மிக்க விமானிகள் அந்த விளக்கையே கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தனர். இடையில் விமானம் மெல்ல இறங்கத் தொடங்கியது. உயரம் குறைவதை எச்சரிக்கும் மணி ஒலித்தது. அது ஒலிப்பதிவுக் கருவியில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது, ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ராடார் திரையில் உயரம் 900 அடி என்று கண்ட கட்டுப்பாட்டாளரும், அங்கே எப்படிப் போகிறது என்று பொதுவாகத்தான் கேட்டார்; உயரத்தைக் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. அழைப்பு போனது, பதிலும் வந்தது, ஆயினும் சொல்ல வேண்டியது சொல்லப்படவில்லை. 101 பேர் இறந்தார்கள். பதில் வராத மௌனத்தை விட இப்படிப்பட்ட உரையாடலே எனக்கு அதிக அச்சம் தருகிறது.

நீங்கள் சந்தேகிக்கும் அலட்சியமும் இல்லாமல் இல்லை. 2010 மே மாதம் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ஜெட்ஸ்டார் விமானத்தில், 2,500 அடிக்குக் கீழே இறங்கும் வேளையில் தலைமை விமானியின் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கின. அதை அணைக்க முயன்றுகொண்டிருந்தவர், பக்கத்தில் விமானத்தைச் செலுத்திக்கொண்டிருந்த துணை விமானியின் குரலுக்கே பதில் சொல்லவில்லை. சக்கரங்களை இறக்கும் வேலை விட்டுப்போயிற்று. 720 அடியில் எச்சரிக்கை ஒலித்தது. சுமார் 390 அடியில் தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறினார்கள். நம் ஊரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் விமானம் ஏறுகிறவர்கள், இறங்க வந்த விமானம் மீண்டும் ஏறினால் பதறிப்போகிறார்கள். அப்படி ஏறுவது பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்பட்ட, பாதுகாப்பான முடிவு.

10,000 அடிக்குக் கீழே பணிக்குத் தேவையற்ற பேச்சும் செயலும் கூடாது என்ற விதியை அமெரிக்கா 1981இல் கொண்டுவந்தது. 1974இல் ஷார்லட் நகரில், மூடுபனிக்குள் இறங்கியபடியே அரசியலையும் பழைய கார்களையும் பற்றி விமானிகள் பேசிக்கொண்டிருந்த விமானம் விழுந்து 72 பேர் இறந்ததும் அதற்கு ஒரு காரணம்.

என் துறை சார்ந்த காரணங்களும் உண்டு. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நொடியில் பேசினால் இருவர் குரலும் கெட்டு, கீச்சொலிதான் கேட்கும். 1977இல் ஸ்பெயினின் டெனரிஃபே தீவு விமான நிலைய ஓடுதளத்தில் 583 பேர் இறந்த மோதலுக்கு முன், மிக முக்கியமான இரண்டு செய்திகள் இப்படித்தான் அழிந்தன. யாரேனும் ஒருவரின் பேச்சுப் பொத்தான் அழுந்திய நிலையில் சிக்கிக்கொண்டால் அந்த அலைவரிசையே முடங்கும். அடுத்த அலைவரிசைக்கு மாறும்போது ஓர் எண் தவறினால், விமானி அமைதியான வானொலியைக் கேட்டுக்கொண்டு, அழைப்பு ஏதும் இல்லை என்றே நம்பியிருப்பார்.

பதில் வராதபோது கோபுரம் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் கூப்பிடும்; அருகில் பறக்கும் மற்ற விமானங்களைக் கொண்டும் கூப்பிட வைக்கும்; கடைசியாக, இறங்காதே என்று சிவப்பு விளக்கு காட்டும். 2017 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், மேலே ஏறுமாறு பலமுறை சொல்லியும் ஏர் கனடா விமானம் ஒன்று பதில் தராததால் அந்தச் சிவப்பு விளக்கையும் காட்டினார்கள்; விமானம் அப்படியே வந்து, சேதமின்றி இறங்கிவிட்டது. ஓடுதளத்திலேயே கண்ணை வைத்திருப்பவருக்குக் கோபுரத்தின் விளக்கு தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த நேரத்தில் பயன்படக்கூடியவர் பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான். பணிமூப்பைப் பார்த்துத் தயங்காமல் அவர் சொல்லவும், சொன்னால் மூத்தவர் கேட்கவும் பயிற்சி இருக்கிறதா என்பதையே நான் முதலில் விசாரிப்பேன்.