தம்பிட ஜீன் கோளாறு அக்காவுக்கும் இருக்குமா?

களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கா. 31 வயசு தம்பிக்கு ஏஎம்எல் ரத்தப் புற்றுநோய். ரிப்போர்ட்ல எஃப்எல்டி3-ஐடிடி எண்டு ஒரு ஜீன் மாற்றம் போட்டிருக்காம். ஸ்டெம் செல் (ரத்தத்த உண்டாக்கிற தாய்ச் செல்) குடுக்க இவட எச்எல்ஏ, அதாவது செல்ல உடம்பு தன்டயா பிறத்தியாரிடயா எண்டு பாக்கிற அடையாளம், முழுசாப் பொருந்திட்டு. ஆனா இந்தியாவுக்கு நோயாளிகளக் கூட்டிப்போற ஏஜென்ட் ஒருத்தர், "ஒரே ரத்தம், அந்தப் பழுது உங்களுக்கும் இருக்கும், வெளி ஆள் ஒருத்தரப் புடிச்சித் தாறன்" எண்டு அட்வான்ஸ் கேக்கிறாராம். காணிய விக்கவா?

விக்காதீங்க தங்கச்சி. மிச்சத்தப் பிறகு வாசிங்க.

எச்எல்ஏ தாய் தகப்பன்ட இருந்து வாறது, கூடப்பிறந்த ஒருத்தர் முழுசாப் பொருந்துறதுக்கு நாலுல ஒரு சான்ஸ்தான், உங்களுக்கு அது விழுந்திருக்கு. ரத்த குரூப் வேறயா இருந்தாலும் பரவால்ல. எஃப்எல்டி3 வேற கதை. அது தம்பிட எலும்பு மச்சையில நோய் புடிச்ச செல்லுக்குள்ள பிறகு வந்த கோளாறு, பிறக்கக்குள்ள அவருக்கே இல்லாதது உங்களுக்கு எப்பிடி வரும்? இத ரிப்போர்ட் குடுக்கக்குள்ளயே ரெண்டு வரியில சொல்லியிருக்கலாம், ஆனா நம்மட கிளினிக்குல வாசல்ல நிக்கிற சனத்தப் பாத்துட்டு ஒருத்தரும் வாய் திறக்கிறல்ல, அந்த இடைவெளியிலதான் ஏஜென்ட்மார் கடை போடுறாங்க.

அந்த எஃப்எல்டி3 மாற்றம் இருக்கிறதாலதான் டொக்டர்மார் ஸ்டெம் செல் மாத்துற சிகிச்சை செய்யச் சொல்றது. கீமோவோட மட்டும் விட்டா நோய் திரும்பி வாற ஆபத்து கூட. மிடோஸ்டோரின் மாதிரி அதுக்கெண்டே மாத்திரையும் இருக்கு, விலையக் கேட்டா தலை சுத்தும். ரிப்போர்ட்ல டிபி53 எண்ட வேற ஜீன் மாற்றம் வந்திருந்தா நான் வேற மாதிரிக் கதைச்சிருப்பன், அதுல செல் மாத்தினாலும் திரும்பி வாறது கூட.

ஒரு விதிவிலக்கு இருக்கு, இத வடிவா வாசிங்க. உங்கட குடும்பத்துல மாமா, பெரியம்மா, அம்மம்மா எண்டு வேற ஆருக்கும் ரத்தப் புற்றுநோய் வந்ததா, சின்ன வயசுல இருந்தே பிளேட்லெட் குறைஞ்ச ஆக்கள் இருக்கிறாங்களா? அப்பிடியெண்டா ஆர்யுஎன்எக்ஸ்1, டிடிஎக்ஸ்41 மாதிரி பரம்பரையா வாற மாற்றம் இருக்கலாம், அது உங்களுக்கும் இருக்கலாம், தெரியாம உங்கட செல்ல ஏத்தினா அதே வில்லங்கத்தத் திரும்ப ஏத்தின மாதிரி. இது எஃப்எல்டி3 இல்ல, கூடுதலா வாறதும் இல்ல. ஆனா மூத்த ஆக்களக் கூப்பிட்டு இருத்தி ஒருக்கா விசாரிங்க, வெக்கத்துக்கு மறைச்ச நோயெல்லாம் அப்பதான் வெளியில வரும். இருந்தா குடுக்க முதல் உங்களயும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

அந்த "வெளி ஆள்" கதைக்கு வாறன். ஸ்டெம் செல் தானம் குடுக்கிறவருக்குக் காசு இல்ல. சென்னையில இருக்கிற டாத்ரி மாதிரி ஸ்டெம் செல் குடுக்க விரும்புற ஆக்கள்ட பதிவகங்கள்ல தேடுறது ஆஸ்பத்திரிதான், குடுக்கிறது ஆரெண்டு கூட முதல்ல சொல்லமாட்டாங்க. டெஸ்டுக்கும் செல் எடுத்து அனுப்புறதுக்கும் செலவு உண்டு, அதுக்கு ஆஸ்பத்திரி பில் தரும். ஒரு ஆளக் கூட்டி வந்து "இவர்தான் உங்கட டோனர்" எண்டு காட்டி, பில்லில்லாம கையில காசு கேட்டா அது ஏமாத்து, வேற பேர் இல்ல.

நீங்க புள்ள பெத்தவவா இருந்தா அதையும் டொக்டர்ட சொல்லுங்க, தம்பிட உடம்போட புதுச் செல் சண்டை புடிக்கிற சான்ஸ் கொஞ்சம் கூடும், அதுக்காக உங்கள விட்டுட்டுப் போகமாட்டாங்க. அடுத்த தரம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறக்குள்ள எல்லா ரிப்போர்ட்டும் கொப்பி அடிச்சிக் கொண்டுபோய், "எம்ஆர்டி எவ்வளவு, எப்ப செய்யலாம்" எண்டு மட்டும் கேளுங்க. எம்ஆர்டி எண்டா கீமோவுக்குப் பிறகும் ஒளிஞ்சு கிடக்கிற நோய்ச் செல்ட கணக்கு.