கம்பியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஃபெண்டர் பிரசிஷன் வகை நான்கு கம்பி பேஸ் கிதார் வாசிக்கிறேன். சில மாதங்களாக ஒலி மந்தமாக இருக்கிறது. முதல் நான்கைந்து ஃப்ரெட்களில் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில்) கம்பி இடித்து இரைகிறது. இதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, மேற்கொண்டு பணமும் கட்டி, ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் வகையில் ஐந்து கம்பி பேஸ் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கம்பியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வியர்வையும் அழுக்கும் ஏறிய கம்பி எந்த பேஸையும் மந்தமாக்கிவிடும்.

இரைச்சலுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். முதல் ஃப்ரெட்டிலும், நெக் (நீண்ட கழுத்துப் பகுதி) உடலோடு சேரும் இடத்திலும் ஒரே கம்பியை அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும். கம்பி ஃப்ரெட்டோடு ஒட்டிக்கிடந்தால் நெக் மிகவும் நேராகிவிட்டது என்று பொருள். நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கை பழகவில்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நானும் இதே மந்த ஒலிக்காக ஒரு பிரசிஷனைக் கொடுத்தவன். முழங்கை உரசி உரசி மேல் விளிம்பில் வார்னிஷ் போய், மரம் வழவழவென்று தெரியும் பேஸ் அது. மாற்றி எடுத்தது தனியாக வாசிக்கையில் பளிச்சென்று பேசியது. டிரம்ஸும் இரண்டு கிதார்களும் சேர்ந்ததும் காணாமல் போனது. பழையதைத் திரும்பக் கேட்கப் போனபோது விற்றுவிட்டிருந்தார்கள். இன்றும் மனம் ஆறவில்லை.

ஜாஸ் நல்ல பேஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் நெக் ஒல்லியாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நான்கு கம்பி ஜாஸில் மேல்முனை அகலம் சுமார் 38 மி.மீ.; ஐந்தாவது கம்பி சேர்ந்தால் அது உங்கள் பிரசிஷனைவிட அகலமாகிவிடும். அந்தக் கம்பியின் அடி ஸ்வரம் 31 ஹெர்ட்ஸ். இப்போது உங்களிடம் இருக்கும் தடித்த கம்பி 41. சிறிய ஆம்ப்ளிஃபயரில் அந்த ஆழம் முழுதாக வராது. இன்னொன்று, 1957 முதல் பிரசிஷனில் வரும் இரண்டாகப் பிரிந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) 'ம்ம்' என்ற மின்னிரைச்சலைத் தானே அடக்கிவிடும். சாதாரண ஜாஸில் இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறந்தால்தான் அது அடங்கும்.

நீங்கள் வாசிக்கும் பாடல்களில் உங்கள் தடித்த கம்பியின் அடி ஸ்வரமான ஈ-க்குக் (E) கீழே எத்தனை முறை இறங்க வேண்டியிருக்கிறது? அடிக்கடி என்றால் ஐந்து கம்பி தேவைதான். புதுக் கம்பி போட்ட உங்கள் பேஸையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில், குமிழ்களைத் தொடாமல், தோளில் மாட்டி நின்றபடி அரை மணி நேரம் வாசியுங்கள். அப்போதும் கை ஜாஸையே தேடினால் எடுங்கள். முடிந்தால் இன்னும் சில மாதம் பணம் சேர்த்து, பழையதைக் கொடுக்காமல் எடுங்கள்.